கொழுக்கட்டை கொட்டிய கை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கச்சி ஜெயரூபிக்கு,

அக்கா யோகமலர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் பிள்ளையும் நல்ல சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று லீவில் வந்த நஸ்ரின் சொன்னாள், அதனால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, நீ கொடுத்துவிட்ட பார்சலைத் தந்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை திரும்பவும் குவைத்துக்குப் பயணமாம். அவள் கையிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் அழத் தொடங்கிவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கடிதம் என்றால் அழுது முடித்துவிட்டு மிச்சத்தையும் வாசிப்பாய்.

பார்சலில் இருந்த சட்டை வடிவாக இருந்தது. ஆனால் அது ஜதுசனுக்குக் காணாது. கையை நுழைக்கவே முடியவில்லை. நீ விட்டுவிட்டுப் போன அளவிலேயே அவன் இன்னமும் இருக்கிறான் என்று நினைத்து வாங்கியிருக்கிறாய். பிள்ளை வளரும் ரூபி. சட்டையை மடித்து நஸ்ரினிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீ வேலை செய்கிற வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதாமே, அதற்குப் போட்டுவிடு.

அவன் இப்போது பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிறான். குசினிக்குள் வந்து பானைகளையெல்லாம் இழுத்துப் போடுகிறான். மேலே நாலு பல்லு, கீழே இரண்டு. பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனால், புல்லு மேய்கிற மான்களைக் கண்டு இடுப்பிலிருந்து குதிக்கிறான். நேற்று கதிரையைக் கைவிட்டு, ஒன்றையும் பிடிக்காமல், நான் நின்ற இடத்துக்கு நடந்து வந்தான். வந்து என் சீலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீடியோ எடுத்து வைக்கவில்லை. எடுக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவுமில்லை.

இனிப் போன் விசயத்துக்கு வருகிறேன். நீ எடுக்கிற கோல் ஒன்றும் வருவதில்லை என்று நஸ்ரினிடம் சொல்லி அழுதாயாம். போன் பழுதில்லை. உன் நம்பரை நான்தான் புளொக் பண்ணி வைத்திருக்கிறேன். அத்தானின் போனிலும் நானே செய்தேன். அவர் முதலில் வேண்டாம் என்றார். பிள்ளை எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தபடியால் சத்தம் போடாமல் விட்டுவிட்டார்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நீ போன நாளிலிருந்து கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போனில் உன் முகத்தைக் காட்டி, இதுதான் அம்மா, அம்மாவுக்குக் கொஞ்சு என்று நான்தானே அவனைப் பழக்கினேன். அவன் நன்றாகப் பழகினான். போனைக் கண்டால் அம்மா என்று சொன்னான். உன் முகம் மறைந்த பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கம் தேடினான். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு ஓட்டோக்காரப் பெடியனின் போனைப் பார்த்தும் அம்மா என்றான். பஸ் நிலையத்தில் யாரோ நேவிக்காரன் போன் கதைத்துக்கொண்டு நிற்க, அவனுடைய காதைப் பார்த்துக் கையை நீட்டி அம்மா, அம்மா என்று அழுதான். அந்த மனிதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. அவனைப் பெற்றவளுக்குக் கையுமில்லை, மடியுமில்லை. கண்ணாடிக்குள் ஒரு முகம் மட்டும்தான். அதற்கு அம்மா என்று பெயர். பால் கரைத்துக் கொடுத்து, பீ அள்ளி, விடிய விடிய ஏணை ஆட்டுகிற எனக்கு ஒரு பெயருமில்லை.

அவனுக்கு முதல் பல்லு முளைத்துப் பல்லுக் கொழுக்கட்டை கொட்டிய அன்று நடந்ததில் நீ பாதிதான் கண்டாய். மிச்சத்தையும் சொல்கிறேன். கொழுக்கட்டை முழுவதும் நானே பிடித்தேன், ஒவ்வொன்றிலும் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்தி அவித்தேன். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு வெள்ளைத் துணி போட்டு, சுளகோடு கொட்டப் போக, பக்கத்து வீட்டு மதிவதனா அக்கா, பிள்ளை பெத்த கை கொட்டினா நல்லதெல்லோ என்று மெல்லக் கேட்டா. நான் அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொட்டினேன். கொழுக்கட்டைகள் அவனுடைய தலையில் பட்டு உருண்டு விழ, அவன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுச் சிரித்தான்.

பிறகு அவனுக்கு முன்னால் கொப்பி, பேனை, சங்கிலி, கண்ணாடி எல்லாம் பரப்பி வைத்தோம். எதை எடுக்கிறானோ அதுதான் அவனுடைய எதிர்காலம் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் அத்தான் போனைப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நீ வேலை செய்கிற வீட்டுக் குசினிக்குள் ஒளித்து நின்று, பேனையை எடு ராசா, பேனையை எடு என்று குசுகுசுத்தாய். அவனுக்கு உன் குரல் கேட்டுவிட்டது. பேனையை மிதித்து, சங்கிலியைத் தட்டிவிட்டு, நேரே தவழ்ந்து போய் போனைப் பறித்து வாய்க்குள் வைத்தான். உனக்குத் திரை இருட்டாகியிருக்கும். அவன் உன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தான். தாயை எடுத்திட்டான் பாருங்கோ என்று சனம் எல்லாம் சிரித்தது, சிலருக்குக் கண் கலங்கியது. நான் போனைப் பிடுங்கி நிப்பாட்டினேன். சிக்னல் போய்விட்டது என்று அன்று உனக்குச் சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பொறாமை என்று நீ நினைப்பாய். ஓம், பொறாமைதான். அதோடு பயமும் இருந்தது. இவ்வளவு செய்தும் ஒரு குசுகுசுப்புக்கு ஓடுகிறானே, நீ நேரில் வந்து நின்றால் என்ன செய்வான் என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கோலை அப்போதே மறித்திருக்க வேண்டும். அத்தானின் முகத்துக்காகக் கொஞ்ச நாள் பொறுத்தேன்.

மறித்த பிறகு அவன் தேடினான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவன் அலுமாரிக்கு முன்னால் இருந்து கதவைக் கையால் தட்டினான். அம்மா, அம்மா என்று கூப்பிட்டுத் தட்டினான். சோறு ஊட்டினால் துப்பிவிட்டுப் போய்த் தட்டினான். காய்ச்சலும் வந்தது. பனடோல் பாணி கொடுத்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அத்தான், ஒருக்கா எடுத்துக் காட்டன், பிள்ளை செத்துப்போயிடும் என்று கத்தினார். நான் அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தாலிக்கொடியில் முடிந்து வைத்திருந்தேன். கொடுக்கவில்லை. பிள்ளைகள் அப்படியெல்லாம் சாவதில்லை.

இப்போது அவன் தட்டுவதில்லை. போன வெள்ளிக்கிழமை நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். வாசற்படியைப் பிடித்து நின்று என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, இன்னொரு தரம் கேட்க வேண்டுமென்று. சொன்னான். போய்த் தூக்கினேன். அதற்குப் பிறகு என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறான். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸும் என்னை, அம்மா, பிள்ளையைத் தராசில் வையுங்கோ என்றுதான் சொல்கிறா. நான் திருத்துவதில்லை.

நீ என்னைச் சபிப்பாய். சபிக்க முந்தி ஒன்றை நினைத்துப் பார். அவன் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று, நான் குளித்து முழுகி, கறுப்பு வளையலும் அரைஞாணும் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முதலில் வந்தேன். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். நீ சிரித்துக்கொண்டே, அக்கா, நீங்கள் பேந்து தூக்குங்கோ, முதலிலை பிள்ளை பெத்த ஆரும் தூக்கட்டும் என்று சொன்னாய். அவ்வளவு சனத்துக்கு முன்னால், என் கூடப்பிறந்த நீ சொன்னாய். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் குசினிக்குள் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். பிள்ளைக்கு ஐந்து மாதம் நடக்க, வீட்டுக்கு ஓடு போட வேண்டுமென்று நீ வெளிக்கிட்டபோது மட்டும் இந்தக் கை பிள்ளை பெற்ற கையா, பெறாத கையா என்று பார்க்கவில்லை. பிள்ளையை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அன்றே நான் நினைத்துவிட்டேன், இந்தக் கைக்கு வந்தது இனித் திரும்பிப் போகாது என்று.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அவனுடைய முதல் பிறந்தநாளுக்கு முன் வந்துவிடுவேன் என்று நஸ்ரினிடம் சொல்லிவிட்டிருக்கிறாய். அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். வர வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது, உன் ஊர், உன் வீடு. உன் மனுசன் வினோதனிடமும் கதைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டு வந்தவர், அதை வெட்டிக்கொண்டே, ரூபி வந்தாலும் பிள்ளை உங்களோடையே நிக்கட்டும் அக்கா, நான் கடலுக்குப் போனால் அவளாலை தனியப் பார்க்க ஏலாது என்று சொன்னார். தகப்பனே சொல்லிவிட்ட பிறகு வேறு யாரிடம் கேட்பாய்?

வா. ஆனால் அவனுக்குச் சின்னம்மாவாக வா. மற்றச் சின்னம்மாமாரைப் போல விளையாட்டுச் சாமான் கொண்டு வா, தூக்கிக் கொஞ்சு, பின்னேரம் உன் வீட்டுக்குப் போ. அவன் காதுக்குள் வேறு ஒன்றும் சொல்லக் கூடாது. அழக் கூடாது. சனம் கொஞ்ச நாள் கதைக்கும், பிறகு அதற்கு வேறு கதை கிடைக்கும். கொழும்புத் துறைமுகத்துக்கு வேலை மாற்றம் கேள் என்று நான் அத்தானை நெருக்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கு நீ சம்மதிக்காவிட்டால், அது கிடைத்த அன்றே வெளிக்கிட்டுவிடுவோம். எங்கே இருக்கிறோம் என்று வினோதனுக்கும் சொல்ல மாட்டேன். நான் சொன்னதைச் செய்கிறவள் என்று சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும்.

அங்கே வெயில் கடுமையாம், தலையில் துணி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டுக்காரியோடு எதிர்த்துக் கதைக்காதே.

உனக்கு இன்னமும் வயதிருக்கிறது ரூபி. வெள்ளிக்கிழமை தவறாமல் காளி கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்கிறேன். எனக்குத் தராததை அம்மன் உனக்கு ஒருமுறை தந்தா, இன்னொரு முறையும் தருவா. நல்ல சுகத்தோடு, வடிவான ஒரு பிள்ளை உனக்குப் பிறக்கட்டும். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு எங்கேயும் போகாதே.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் அக்கா,
யோகமலர்