எட்டாம் இலக்கம் இனி யாருக்கு

1995 ஜனவரி 11, புதன்

கை இரண்டும் சிவந்து வீங்கியிருக்கின்றன. பேனை பிடிக்க வலிக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சண்டை நின்றதால் எங்கள் மகளிர் கரப்பந்து லீக் மறுபடி தொடங்குகிறது. ஐந்து வருடத்துக்குப் பிறகு! இன்று கோவில் வளவில் முதல் பயிற்சி. என் பழைய எட்டாம் இலக்கச் சட்டை தோளில் இறுக்குகிறது. இறுக்கட்டும்.

தவக்காலத்துக்கு முன்னம் எனக்குக் கலியாணம். கலியாணம் முடித்தவர்கள் ஆடக்கூடாது என்பது லீக்கின் சட்டம். அதற்குள் எத்தனை ஆட்டம் கிடைக்கிறதோ, அத்தனையும் எனக்கு இலாபம்.

ஜனவரி 22, ஞாயிறு

பூசையில் எங்கள் கலியாண அறிவித்தலின் முதல் ஓலை வாசித்தார்கள். முடிந்து வெளியே வர, லீக் செயலாளர் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் சைக்கிளோடு நிற்கிறார்.

"பிள்ளை யோசப்பின், எங்கடை மரியநாயகிக்கு ஒரு மரியாதை செய்யப்போறம். அவ போட்ட எட்டாம் இலக்கத்தை இனி எந்த ரீமிலையும் ஆரும் போடக்கூடாதெண்டு தீர்மானம் கொண்டுவாறம்."

எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. மரியநாயகி அக்கா எங்கள் குருநகர்தான். லீக்கில் கலியாணத்துக்குப் பிறகும் ஆடிய ஒரே பெண். அவர் அடித்த பந்தை நான் சின்னதில் ஓடி ஓடிப் பொறுக்கியிருக்கிறேன். எட்டாம் இலக்கத்தை நான் கேட்டு வாங்கியதும் அவரால்தான்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் உறைத்தது. அப்போ என்ரை சட்டை?

ஜனவரி 23

கழற்றிக் கொடுக்க மனமில்லை. எனக்கு நானே பொய் சொல்லக் கூடாது.

ஜனவரி 29, ஞாயிறு

நீர்வேலியை வென்றோம்! கடைசிப் புள்ளி என்னுடையது. தொண்டை கட்டிவிட்டது.

அவர்களின் எட்டாம் இலக்கம் கமலாவதி. ஆட்டம் முடிய இருவரும் கிணற்றடியில் முகம் கழுவினோம். தீர்மானத்தைப் பற்றி அவளுக்கும் தெரியும்.

"நல்ல விசயம்தான்," என்றாள். "ஆனா ஆரும் போடாட்டி, நாளைக்கு வாற பிள்ளையளுக்கு அவவை ஆரெண்டு தெரியுமே? எட்டைப் பாத்துத்தானே நாங்கள் கேட்டறிஞ்சனாங்கள்."

சரியான கதை. மரியநாயகி அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மாஸ்ரர் விட்டுவிடுவார்.

பெப்ரவரி 3, வெள்ளி

போனேன். அக்கா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏன் வேண்டாமெண்ட வேணும்?" என்றார். "எனக்கு வேணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"கலியாணம் முடிச்சு நான் ஆட வந்த அண்டைக்கு மற்ற ரீம் இறங்கமாட்டம் எண்டு போட்டுது. நான் வலைக்குக் கிட்ட நிண்டனான், பொழுதுபடுமட்டும். சனம் சிரிச்சது. கடைசியிலை, சரி, இவவை மட்டும் விடுவம் எண்டினம். இவவை மட்டும். பத்து வருசம் ஆடினன். எனக்குப் பிறகு ஒருத்தியையும் விடேல்லை. இவ்வளவு காலமும் எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை. இதையாவது தரட்டுமன்."

அக்கா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எப்ப கலியாணம்?"

"இருபத்திரண்டாம் திகதி."

"பிறகு எட்டை நீ எப்பிடிப் போடுவாய்?"

சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நான் எதற்காகச் சண்டை பிடிக்கிறேன்? மூன்று கிழமையில் தானாகக் கழன்று விழப்போகிற சட்டைக்காகவா?

பெப்ரவரி 5

நான் கட்டப்போகிற கனிசியஸிடம், கலியாணத்துக்குப் பிறகும் ஆடலாமோ என்று கேட்டேன். "எனக்கென்ன, விளையாடுமன். ஆனா அம்மாவோடை நீர்தான் கதைக்க வேணும்," என்றார். அவரின் அம்மாவோடு கதைத்தேன். மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்.

பெப்ரவரி 12, ஞாயிறு

இன்றுதான் லீக் கூட்டம். மாஸ்ரர் தீர்மானத்தை வாசித்து முடிக்க, எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழும்பினேன்.

"எட்டை எடுங்கோ மாஸ்ரர். முதல் கை என்ரை கைதான். அதோடை கலியாணம் முடிச்சவை ஆடக்கூடாதெண்ட சட்டத்தையும் எடுங்கோ."

"பிள்ளை, அது வேறை விசயம்."

"அது எப்பிடி வேறையாகும்? அக்கா திறந்த கதவைப் பூட்டிப்போட்டு, அவவுக்கு மாலை போடுறதோ?"

ஒரே சத்தம். குடும்பப் பெண்கள், பிள்ளை குட்டி, ஊர் என்ன சொல்லும், எல்லாம் வந்தது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அப்போது பின் வரிசை வாங்கிலிருந்து மரியநாயகி அக்கா எழும்பினார். சத்தம் தானாக அடங்கியது.

"எனக்கு இந்த மரியாதை வேணும். ஆசையாத்தான் வந்தனான். ஆனா அந்தச் சட்டத்தை வைச்சுக்கொண்டு தந்தா, வாங்கமாட்டன்."

கமலாவதியின் கை உடனே உயர்ந்தது. பிறகு பாசையூர்ப் பிள்ளைகள். பிறகு ஒவ்வொன்றாக. மாஸ்ரர் எண்ணினார், நம்பாமல் திரும்ப எண்ணினார். மூன்று கை வித்தியாசத்தில் வென்றோம். எட்டும் போனது, சட்டமும் போனது.

வாசலில் வைத்து அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். நன்றாக நொந்தது.

பெப்ரவரி 22

கலியாணம். கூறைச் சேலையோடு நிற்கும்போது கமலாவதி வந்து காதுக்குள் சொன்னாள்: "மார்ச்சிலை உங்களை ஒருக்கா வெல்லுவம்."

மார்ச் 19, ஞாயிறு

நீர்வேலியோடு இரண்டாம் ஆட்டம். என் புதிய சட்டை மூன்று. தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்திக்கொண்டேன். மாமி வரமாட்டேன் என்றவர், குடையோடு முன் வரிசையில் இருந்தார்.

அவர்களின் ரீமில் புதிதாக ஒருவர், இரத்தினம்மா. இரண்டு பிள்ளைகளின் தாய். கலியாணத்தோடு விட்ட ஆட்டத்தை இப்போதுதான் மறுபடி தொட்டிருக்கிறார். மெல்லிய உடம்பு. நான் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. முதல் பந்தே என் கையைத் தட்டிவிட்டு மதிலுக்கு அப்பால் போனது. அடுத்ததும் அப்படியே. கடைசிவரை அவர் பந்தை ஒழுங்காகத் தூக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. தோற்றோம், படுதோல்வி. வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இந்த மனிசியை இவ்வளவு காலமும் எங்கே வைத்திருந்தார்கள்?