சில்லிக்குளத்துக் கரை

16-10-1955
பாட்டுக் கூட்டத்தில் இன்று பழம்பாடல்கள் சொல்லும் விருந்தோம்பலைப் பற்றிப் பேசினேன். முடிந்ததும் காசிராஜன் அண்ணன் எழுந்து, "அடுத்த வாரம் குளம் வெட்டின அரசர்களைப் பத்திச் சொல்லு, பார்வதி" என்றார். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் சில்லிக்குளத்துக் கரை அவருடைய கான்ட்ராக்ட். வேலை முடியப்போகிறது. கூட்டம் நடக்கும் கொட்டகையும் நான் குடியிருக்கும் வீடும் அவருடையவைதான்.

19-10
மாரித்தாய் வந்தாள். அந்தக் கரைக்கு மண் சுமந்தவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"டீச்சரம்மா, கரைக்குள்ள பூராவும் மணலு. மேல மட்டும் களிமண்ணப் பூசியிருக்கு. எங்க குடிசையெல்லாம் கரைக்குக் கீழதான். அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

20-10
அண்ணனிடம் கேட்டேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏட்டி, உனக்குப் பாட்டு தெரியும், எனக்குக் கரை தெரியும். அவரவர் சோலியப் பாப்போம்."
அப்படியா? அப்படியானால் இத்தனை வருஷமாக அந்தக் கூட்டத்தில் நான் எதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்?

22-10
விடாத மழை. மேற்கே மலையே தெரியவில்லை.

23-10
அண்ணன் முன்வரிசையில். மாரித்தாயும் அவள் தெருக்காரர்களும் பின்னால் நனைந்தபடி நின்றார்கள். குளம் வெட்டிய அரசர்களைச் சொன்னேன். பிறகு, அரசன் தவறியபோது முகத்துக்கு நேரே சொன்ன புலவர்களைச் சொன்னேன். அவர்களும் அவன் சோற்றைத் தின்றவர்கள்தான்.
"சில்லிக்குளத்துக் கரைக்குள் இருப்பது மணல். கீழே இருப்பவர்கள் இன்றே மேட்டுக்குப் போய்விடுங்கள்."
அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

24-10
தெரு முழுவதும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. மாரித்தாயின் புருஷன் செல்லச்சாமி மட்டும் வரவில்லை. அண்ணன் அங்கே போய்ப் பேசியிருக்கிறார். "கரை நிக்கும்னு அண்ணாச்சியே சொல்லிட்டாக. ஆட்ட விட்டுட்டு நான் எங்கன போவ?" என்றானாம்.
மழை வலுக்கிறது.

26-10
விடியும்போது கரை உடைந்தது.
செல்லச்சாமியின் உடலை மத்தியானம் கருவேலங்காட்டில் கண்டெடுத்தார்கள். மற்றவர்கள் பிழைத்தது என்னால்தான் என்று ஊரே சொல்கிறது. மாரித்தாய் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

2-11
நாளை குளத்தடியில் தாசில்தார் விசாரணை. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் வந்தார், வாசலைத் தாண்டவில்லை. முகத்தில் பல நாள் தாடி.
"காலையில வண்டி அனுப்புதேன், பார்வதி."
"வேண்டாம்ண்ணே. மாரித்தாயும் நானும் பஸ்ஸுல போறோம்."
மழை விட்டிருந்தது. அவர் குடையை விரித்துப் பிடித்தபடியே தெருவில் இறங்கிப் போனார்.