பாடமாக்கிய ஐந்து பதில்கள்

அக்கா,

இன்று காலை பால் அடிப்பிடித்த மணம் கூடத்துக்கு வந்த பிறகுதான், அடுப்பில் பால் வைத்தது எனக்கு நினைவு வந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. பாத்திரத்தைத் தேய்த்தபடியே அழுதேன். உங்களுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பயமாக இருக்கிறது, அக்கா.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் மேல்மாடி வீட்டில் நீங்களும் நானும் என் மகளும் இருந்தோம். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஒப்பரேட்டராக இருந்த உங்களுக்கு மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு. ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் முதலில் போனது சிங்களம். மரக்கறிக் கடையில் கத்தரிக்காயைக் காட்டியபடி சொல் வராமல் நின்றீர்கள். பிறகு வீட்டிலக்கம் போனது, பிறகு ஒழுங்கையே பிடிபடாமல் போனது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. "அவவுக்கு அறளை பேந்திட்டுது", வயதுபோய்ப் புத்தி தடுமாறிவிட்டது என்று ஒரு வாய் சொன்னால் போதும், கோயில் வாசல்வரை கதை போய்விடும். எனக்கு அது வெட்கமாக இருந்தது.

வெட்கத்தைவிடப் பயம் பெரிது. சந்திக்குச் சந்தி ஆமியின் செக் பொயின்ற். அடையாள அட்டை எங்கே, பொலிஸ் பதிவு எங்கே, யாரிடம் போகிறாய் என்று கேட்பார்கள். பதில் தடுமாறினால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அதனால் தினமும் தேநீர் குடித்த கையோடு உங்களைக் கதிரையில் இருத்தி, பெயர், அட்டை இலக்கம், விலாசம், பார்த்த வேலை, கொழும்பில் எத்தனை வருடம் என்ற ஐந்துக்கும் சிங்களத்தில் பதில் பாடமாக்கினேன். பிழையில்லாமல் சொன்ன அன்று, "நான் பாஸோ?" என்று கேட்டீர்கள். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் காலை, கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது காலி வீதி செக் பொயின்றில் மறித்தார்கள். "கொஹேத யன்னே?" என்றான் இளவயது ஆமிக்காரன். எங்கே போகிறீர்கள் என்ற ஒரே ஒரு கேள்வி. நீங்கள் நிமிர்ந்து நின்று ஐந்து பதிலையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தீர்கள். அவன் முகம் மாறியது. மறுபடி கேட்டான். நீங்கள் மறுபடி பெயரிலிருந்து தொடங்கினீர்கள். பொய் விவரத்தைப் பாடமாக்கிக்கொண்டு வருகிற புலிகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

யார் சொல்லித் தந்தது என்று சிங்களத்தில் அதட்டினான். அந்தக் கேள்வி மட்டும் உங்களுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. "இவள்தான், என்ர தங்கச்சி" என்று பெருமையோடு என்னைக் காட்டினீர்கள். பக்கத்தில் நின்ற பெண் பொலிஸ், இவருக்கு ஏதும் நோய் வருத்தமா என்று என்னைக் கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். நான், "இல்லை, ஒரு வருத்தமும் இல்லை" என்றேன். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிப் பழகிய பொய், அந்த இடத்திலும் தானாக வந்துவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் உங்களைத் தனியாக உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு, பூட்டிய கதவுக்குப் பின்னால் நீங்கள் பெயரிலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்குவது கேட்டது. பின்னேரம் கீழ்வீட்டுச் சிங்கள அம்மா கேள்விப்பட்டு ஓடி வந்தார். "இவருக்கு மறதி நோய். வழி தெரியாமல் நின்றவரை நானே இரண்டு தரம் கூட்டி வந்தேன். எங்கள் ஒழுங்கைக்கே தெரியும்" என்று அவர்களிடம் சொன்னார். அதன் பிறகுதான் உங்களை விட்டார்கள். நான் மூடி மறைத்ததை ஊரே அறிந்திருந்தது.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். பயம்தான் கூடியது. நான் கந்தோர் வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது கதவை வெளியால் பூட்டினேன். பகல் முழுக்க உங்களோடு கதைக்க ஒரு ஆள் இல்லை. முதலில் உங்கள் பேச்சு குறைந்தது, பிறகு நடை. சண்டை முடியுமுன் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

போன மாதம் ஒரு டொக்டரிடம் போனேன். இளம்பெண். பிரஷருக்கு மருந்து எழுதினாள், காது சோதிக்கச் சொன்னாள், தினமும் நடவுங்கோ, நாலு பேரோட கதையுங்கோ என்றாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். "பூட்டினதால வருத்தம் வரேல்லை அம்மா. ஆனா தனிய இருந்தா அது கெதியாக் கூடும்" என்றாள். முதல் பாதி ஆறுதலுக்குச் சொன்னது. இரண்டாம் பாதிதான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

இப்போது நான் எதையும் ஒளிப்பதில்லை. மரக்கறிக் கடைக்காரரிடமும் ஓட்டோ நிற்கும் இடத்திலும் சிங்களத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்: எனக்கு மறதி வருகிறது, எங்காவது முழித்துக்கொண்டு நின்றால் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். எனக்கு அவர்களிடம் பயமில்லை. நான் பூட்டுவதைப் பார்த்து வளர்ந்த என் மகளிடம்தான் பயம்.

நேற்று அவளிடம், "எனக்கு மறதி முத்தினாலும் என்னைப் பூட்டி வைக்காதை பிள்ளை" என்றேன். ஃபோனிலிருந்து தலை நிமிராமல், "ஓம் அம்மா" என்றாள்.

நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "பூட்டிப்போட்டுப் போகாதையடி" என்று கேட்டபோது, கையில் பூட்டும் திறப்புமாக நானும் "ஓம் அக்கா" என்றுதான் சொன்னேன்.