ஞானத்தாயாக நிற்கச் சொன்னார்கள்

1937 டிசம்பர் 12, ஞாயிறு. கொழும்பு

காலையிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. பூசைக்குப் போய் நனைந்து வந்ததுதான் இன்றைக்கு உருப்படியான வேலை.

பரீட்சைத் தாள்கள் பாதி பாக்கி. ‘இந்து சமுத்திரத்தால் நமக்கு என்ன பயன்?’ என்ற கேள்விக்கு நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘ஊருக்குப் போகலாம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள். முழு மார்க் போட்டேன்.

இந்த வாரம் போக வேண்டிய இடங்கள்:
செவ்வாய் – பள்ளிக்கூடத்தில் தேநீர் விருந்து.
வியாழன் – ரோஸ்லினின் அத்தை வீட்டில் நடனம்.
வெள்ளி – பயாஸ்கோப். (மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன்.)
சனி – கேக், ஆத்தாவுக்குக் கம்பளி, அக்காளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு வெள்ளைக் கவுன்.

எங்கள் ஊர் ஆவூரில் ஒரு வருஷத்தில் நுழைகிற வீடுகளை இங்கே ஒரு வாரத்தில் நுழைந்து வெளியே வந்துவிடுகிறேன். ரோஸ்லின் என்னோடு பாடம் சொல்லிக்கொடுப்பவள், அறையும் ஒன்றுதான். அடுத்த கட்டிலிலிருந்து இதை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நல்லது.

டிசம்பர் 17, வெள்ளி

கால் வலி. ரோஸ்லினின் குதிகால் செருப்பு எனக்கு ஒரு விரல் சிறியது.

நேற்றைய நடனம். கிராமபோன், வாசலெல்லாம் வண்ண விளக்கு, வெண்ணெய் வாசனை, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரோஸ்லின் வற்புறுத்தியதால் அவளுடைய சித்தப்பா மகனோடு ஒரு பாட்டுக்கு மட்டும் ஆடினேன். துறைமுகத்தில் குமாஸ்தா. முகவரி இல்லாத பார்சலைப் பிடிப்பதுபோல் என் கையைப் பிடித்திருந்தான். அவனுக்கும் என்னைப் போலவே பயம் என்று பிறகுதான் புரிந்தது. பாவம்.

உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு பெரியவர் கேட்டார். பொட்டல், பனைமரங்கள், நடுவில் வெள்ளையாக ஒரு கோயில் என்று ஆரம்பித்தேன். அவர் கண் கேக் தட்டுக்குப் போய்விட்டது. மரியாதை தெரிந்தவர், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது அ. ஞாபகம் வந்தது. அக்காள் புருஷன் சூசை அத்தானின் தம்பி, இலுப்பூரில் வாத்தியார். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை கழுவ வந்தவர், “கடல்ல மழை பேஞ்சா எப்படிங்க இருக்கும்?” என்று கேட்டார். கப்பல் மேல்தட்டில் நின்று நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிகிறவரை செம்பைக் கையிலேயே பிடித்திருந்தார். கையில் சோறு காய்ந்துவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வருஷமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 18, சனி

தந்தி. பெண் குழந்தை, இருவரும் சுகம். ரோஸ்லின் என்னைக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். இந்த ஆட்டம் நன்றாக வந்தது.

கவுன் வாங்கியாயிற்று. கை அளவு இருக்கிறது. இவ்வளவு சின்ன ஆள் உண்டா என்று கடையில் சந்தேகம்.

டிசம்பர் 21, செவ்வாய். ரயிலில் பாதி, வீட்டில் பாதி

தலைமன்னாரில் காற்று. கப்பலில் எனக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள், கூடையில் கோழி. தனுஷ்கோடியில் சுங்கக்காரர் கேக் டப்பாவைத் திறந்து மோந்துவிட்டு, மறுபடி ஒரு தரம் மோந்தார். பிறகு மூடித் தந்தார். புதுக்கோட்டையில் பாசஞ்சர் வண்டி மாறி, கீரனூரில் இறங்கினேன்.

அத்தான் மாட்டுவண்டியோடு நின்றார். புதுத் தகப்பன், சவரம் பண்ணவில்லை.

“வாங்க கொழும்புக்காரம்மா. வண்டியில ஏறுவீகளா, இல்ல காரு கொண்டாரச் சொல்லணுமா?”

“காரே கொண்டாரச் சொல்லுங்க அத்தான்.”

“மாட்டுக்குக் காருன்னு பேரு வச்சுட்டேன். ஏறுங்க.”

வழியெல்லாம் பிள்ளையைப் பற்றியே பேசினார். மூக்கு அவர் மூக்காம். அத்தானின் மூக்கைப் பார்த்தேன்.

வீட்டில் ஆத்தா என் தலைமுடியைத்தான் முதலில் தொட்டாள். “எண்ணெயே காணலியே. அங்கிட்டு எண்ணெய் விக்கிறதில்லையா?” எனக்குத் தண்ணீர் தனியாக வெள்ளி டம்ளரில் வந்தது. விருந்தாளிக்கு எடுக்கிற டம்ளர்.

டிசம்பர் 22, புதன்

வெயில், பனி இரண்டும். பிள்ளை தும்முகிறது. தும்மிவிட்டு யார் தும்மியது என்று பார்க்கிறது.

லூர்து அக்காள் வெளுத்திருக்கிறாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பிள்ளையை மடியில் வைத்தாள்.

“ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாய். எங்க கொழுந்தனாரு ஞானத்தகப்பன். தாய் பக்கம் ஒரு பொம்பள, தகப்பன் பக்கம் ஒரு ஆம்பள, அதுதானே வழக்கம். படிச்சவுகளும் நீங்க ரெண்டு பேருதான். புள்ளைக்கும் அது ஒட்டட்டும்.”

கொழுந்தனார் என்றால் அ.தான். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: “அப்பறம் நீங்க அண்ணன் தங்கச்சியாயிருவீக. ஒனக்கு அண்ணன் இல்லாத கொறையும் தீந்துச்சு.”

ஆத்தா அரிசி புடைத்துக்கொண்டே, “சிரிக்காதடி. அது நெசந்தான். ஒரு புள்ளைக்குச் சேந்து நின்னவுக கட்டிக்கக் கூடாது. எங்க காலத்துல நிச்சயம் பண்ணின சம்பந்தம் ஒண்ணு அதுலயே நின்னுபோச்சு” என்றாள்.

இவர்களுக்குத் தோன்றவே இல்லையா? நானும் கலியாணம் ஆகாதவள், அவரும் ஆகாதவர், முறையும் உண்டு. தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஆத்தா முதலிலேயே நிறுத்தியிருப்பாள். “அதுக்கு என்ன, கொழும்புலயே ஒரு ஆபீசரு வருவாரு” என்று அத்தான் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். நான் கடல் தாண்டினவள். இந்த ஊர்ப் பேச்சில் எனக்கு மாப்பிள்ளை கிடையாது, பெட்டியும் செருப்பும்தான் உண்டு.

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

டிசம்பர் 23, வியாழன்

சொல்லிவிட்டேன். நான் நிற்கவில்லை என்று.

காரணம் தயாராக வைத்திருந்தேன். ஞானத்தாய் பக்கத்தில் இருக்க வேண்டும், செபம் சொல்லிக்கொடுக்க வேண்டும், நான் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவள். நல்ல காரணம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பும்.

அக்காள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “அங்கிட்டு ஆடப் பாட நேரம் இருக்கு. எம்புள்ளையத் தூக்கிக்கிட்டு அஞ்சு நிமிசம் நிக்க நேரமில்ல.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “வயித்துல இருக்கையிலயே ஒம்பேரைத்தாண்டி நெனச்சு வச்சிருந்தேன்.”

அழுதாள். பச்சை உடம்பு, அழக் கூடாது என்று ஆத்தா ஓடி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நிற்கிறேன், நிற்கிறேன் என்று சொல்லி அக்காள் கண்ணைத் துடைத்தேன். கவுனைப் போட்டுக் காட்டினேன். மூன்று பிள்ளை நுழையும் அளவுக்குப் பெரிது. சிரித்தாள். அதுதான் வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்ல ஒரே வார்த்தை போதும். ஆனால் அவர் மனசு எனக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எத்தனையோ கதைப் புத்தகம் படித்திருக்கிறேன். கதையில் வருகிற பெண்கள் எதை நம்பித் துணிகிறார்களோ அதில் பாதிகூட என் கையில் இல்லை.

டிசம்பர் 24, வெள்ளி

ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளைதான். பசியோடு முறுக்குச் சுற்றுவது பெரிய தபசு. அத்தான் உடைந்ததை எல்லாம் ‘நாளைக்கு’ என்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் பாவம் சொல்ல நீள வரிசை. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கேட்டேன்: ஒரே பிள்ளைக்கு ஞானத்தாயும் ஞானத்தகப்பனுமாக நின்றவர்கள் கலியாணம் பண்ணக் கூடாதா?

கிராதிக்கு அந்தப் பக்கம் சாமியார் மூக்கைச் சிந்தினார். “திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை, மகளே. இரண்டு தடவை பிரசங்கத்தில் சொல்லியாயிற்று. கோயிலில் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனால் பழைய சட்டம்.” கொஞ்சம் பொறுத்து, “யாருக்காகக் கேட்கிறாய்?”

“ஒருத்தருக்காக, சாமி.”

“அந்த ஒருத்தருக்காக வேண்டிக்கொள்கிறேன்.”

அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம். கேள்விக்காக இல்லை, பொய்க் காரணத்துக்காக.

சட்டத்தில் இல்லை. அதனால் என்ன. ரோம் தூரத்தில் இருக்கிறது. ஆத்தா அடுப்படியில் இருக்கிறாள்.

டிசம்பர் 25, சனி. கிறிஸ்துமஸ்

நடுச்சாமப் பூசை. குடிலில் நிஜ வைக்கோல், நிஜ ஆட்டுக்குட்டி ஒன்று. பாலன் பிறந்த பாட்டுக்கு நடுவில் அது கத்தியது. பாடகர் குழு சுருதி மாறியது அதனால்தான் என்று எல்லாரும் ஆட்டின்மேல் பழி போட்டார்கள்.

காலையில் அ. வந்தார். இலுப்பூரிலிருந்து சைக்கிளில், முழங்கால்வரை செம்மண். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, “எப்ப வந்தீங்க? கப்பல்ல காத்து எப்படி?” என்றார். “பரவால்லைங்க” என்றேன். ஒரு வருஷமாக மனசுக்குள் பேசிப் பழகியதெல்லாம் எங்கே போயிற்றோ.

கேக்கை வெட்டி வைத்தேன். ஆத்தா வாயில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான், “இதுல சாராயம் ஊத்திருக்காகளா?” என்று கேட்டு மூன்று துண்டு சாப்பிட்டார். அ. ஒரு துண்டை மெதுவாகத் தின்றார். அவருக்கும் பிடிக்கவில்லை. தெரிந்தது. ஒரு பொடிகூட மிச்சம் வைக்கவில்லை.

பிறகு அத்தான் சொன்னார்: “அருளப்பா, நாளைக்கு எட்டு மணிக்கே கோயிலுக்கு வந்துரு. நீதான் ஞானத்தகப்பன்.”

“சரிண்ணே.” முகம் மலர்ந்துதான் சொன்னார். “ஞானத்தாய் யாரு?”

“யாரு, நம்ம செசிலிதான்.”

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் நிக்கலண்ணே.”

“என்னடா இது. காச்சலா?”

“இல்ல. கோயில் உபதேசியாரை நிக்கச் சொல்லுங்க. அவரு நிப்பாரு.”

“நம்ம புள்ளைக்கு ஊராரா நிக்கிறது? பொம்பளப் புள்ளையாப் பொறந்துருச்சுன்னு ஒனக்கு மனத்தாங்கலா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே.”

“பின்ன, செசிலி பக்கத்துல நின்னா ஒனக்குக் கவுரவக் கொறச்சலா? நல்ல நாளும் அதுவுமா அந்தப் புள்ளைய வச்சுக்கிட்டே சொல்றியே.”

“கொறச்சல்னு யாரு சொன்னா.” அவர் காது சிவந்துவிட்டது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒரு தடவ நின்னுட்டா நின்னதுதானேண்ணே. பின்னாடி மாத்த முடியாதுல்ல.”

அத்தானுக்குக் கோபத்தில் வாய் திறந்தபடி இருந்தது. அப்போது அறைக்குள்ளிருந்து அக்காள் சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“ஏங்க, அவரை விடுங்க. ஒங்களுக்கு ஒரு எழவும் புரியாது. இங்கிட்டு வாங்க, சொல்றேன்.”

அத்தான் உள்ளே போனார். ஆத்தா என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். “காப்பி ஆறிப்போச்சு. தம்பிக்குச் சூடு பண்ணிக் குடு” என்றாள். காப்பி ஆறவே இல்லை. ஆவி பறந்தது.

சூடு பண்ணிக் கொடுத்தேன். வாங்கும்போது நிமிரவில்லை. நானும் பார்க்கவில்லை. எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. அடுப்படியில் போய் நின்றுகொண்டு, கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

டிசம்பர் 26, ஞாயிறு

ஞானஸ்நானம். உபதேசியார் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார், இருமல். நாக்கில் உப்பு வைத்ததும் பிள்ளை உலகத்தையே சந்தேகப்பட்டது. தண்ணீர் விழுந்தபோது அழவில்லை. பேர் செசிலியா. என் பேரை இன்னொருவருக்குச் சொல்லி நானே கேட்பது விசித்திரம். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்க, அவளுக்காக நான், விட்டுவிடுகிறேன் என்றேன்.

பிரசவித்தவள் கோயிலுக்கு வரக் கூடாதென்று அக்காள் வீட்டில். அ. கோயில் வாசற்படியில் நின்றார். பக்கத்தில் வரவில்லை. வந்தால் அதையும் நின்றதாகக் கணக்கில் எடுத்துவிடுவார்களோ என்று பயம்போலிருக்கிறது. சாமியார் வெளியே வரும்போது அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிதாக இருமினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லடி” என்றாள்.

“சொல்ல என்ன இருந்துச்சு?”

“அதுவும் சரிதான்.” பிள்ளையின் காதில், “ஒஞ் சின்னம்மா ஒரு கல்லுளிமங்கி” என்றாள்.

விருந்து முடிந்து அவர் இலுப்பூருக்குக் கிளம்பினார். வேலிப்படல்வரை என்னை வழியனுப்பச் சொல்லி ஆத்தாவே முறுக்குப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள்.

“கொழும்புக்கு எப்ப?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை. அந்த வாரம் பள்ளிக்கூடம் திறக்குது.”

“போகத்தானே வேணும். பிள்ளைக காத்திருக்கும்ல.” சைக்கிள் மணியை விரலால் தேய்த்தார். “ஈஸ்டருக்கு வருவீங்களா?”

“வருவேன்.”

“வந்தா அண்ணனோட வந்து ஆத்தாகிட்டப் பேசலாம்னு.” அவ்வளவில் நின்றுவிட்டது. பிறகு, “நேத்து எல்லாரு முன்னாடியும் நிக்கலைன்னு சொன்னேன். ஒங்களுக்கு வருத்தமில்லையே?”

“நானும் மாட்டேன்னுதான் சொன்னேன்.”

“எப்ப?”

“வியாழக்கிழமை. அக்காகிட்ட. அழுதுட்டா, அதனால ஒத்துக்கிட்டேன்.”

அவர் அதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று. வாத்தியார்.

“வியாழக்கிழமை நான் இலுப்பூர்ல இருந்தேனே. யாரும் எங்கிட்டக் கேக்கவே இல்லையே அப்ப.”

“ஆமா.”

“என் மனசு தெரியாமலேயே மாட்டேன்னுட்டீங்களா?”

“ஆமாங்க.”

முறுக்குப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாரேன் என்று சொல்லிவிட்டுப் படலைத் திறந்து நடந்தார். புளியமரம் தாண்டி, வண்டிப்பாதையில் ஏறி, விறுவிறுவென்று போய்க்கொண்டே இருந்தார். சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது. கூப்பிடலாம்தான். நான் கூப்பிடவில்லை.