சாப்பிட்டியா என்று கேட்ட பூத்

என் செல்லச் சண்டைக்காரிக்கு,

நான் நலம், இருமல் ஓடிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி? அப்பா மாத்திரையை ஒளித்துவைக்காமல் போடுகிறாரா?

இங்கே தெருவோரத்துப் பழைய டெலிபோன் பூத்துகளில் கரன்ட் காருக்குச் சார்ஜர் பொருத்துகிறோம். நேற்று ஒன்றை முடித்ததும் முதல் கார் வந்து நின்றது. "போட்டு விடுய்யா" என்றார் மேஸ்திரி. உள்ளே போய்க் கொக்கியிலிருந்து சார்ஜர் கைப்பிடியை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன் பூத்தே கதியென்று உன்னோடு பேசிய பழக்கம், அதைக் காதில் வைத்து, "ஹலோ, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

கார்க்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரி விடுவாரா? "என்னய்யா சொல்றாங்க வீட்டுல?"

"லைன் கிடைக்கலண்ணே."

இப்போது என் பெயரே ஹலோ. எந்தக் கார் வந்தாலும் எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்கிறார்கள். எனக்கும் சிரிப்புதான்.

குளிருக்கு உன் நீலப் போர்வையை அனுப்பு. துவைத்துவிடாதே, அப்படியே அனுப்பு.

மேஸ்திரி ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன். எந்தக் காரும் இதுவரை பதில் சொன்னதில்லை. நீயாவது எழுது. சாப்பிட்டியா?

உன் ஹலோ