மில்லுக்குப் போகிறாளாம் உங்கள் மகள்

என் அக்காவுக்கு வாய்த்த ராஜாவே, அத்தான்,

நடந்ததெல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டு நின்றாலும் உங்கள் மகள் மல்லிகாவை நெருப்பு விடாது என்றேன், விடவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் கிரேக்க நாடகத்தில் விதி எப்படி நடக்கும் என்று கோவில்பட்டியில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. கொற்கைக்கு முத்து வாங்க வந்த கிரேக்கன் நம்மிடம் கேட்டுப்போன கதைகள்தானே அதெல்லாம்?

நாகலாபுரம் கோவில் கொடையில் நீங்கள் போட்ட கிரேக்க நாடகம் நினைவிருக்கிறதா? இப்போதெல்லாம் கொடைக்கு வீடியோவில் படம் ஓட்டுகிறார்கள். அன்றைக்குத் தீப்பெட்டி அட்டையை வெட்டி ஒட்டியதுதான் முகமூடி. நீங்கள் ராஜா, நான் குருட்டுக் குறிகாரன். விதிக்குப் பயந்து ராஜா ஊரைவிட்டு ஓடுவான்; ஓடுகிற பாதையிலேயே அது உட்கார்ந்திருக்கும். நான் குறி சொன்னதும் பத்தாயிரம் ஜனம் மூச்சுவிட மறந்தது. ஒரு நாய் குரைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் நீங்கள் திட்டினீர்கள். "ஏலே, உனக்குக் கொடுத்தது நாலு வரி. நாப்பது வரி பேசுத."

"குறி சொல்லுதவன் கூட்டிச் சொன்னாத்தான் அத்தான் ஜனம் நம்பும்."

"நீயாச் சேக்குத வார்த்தைக்கு நீதாம்ல பொறுப்பு."

ஆஸ்பத்திரியில் உங்கள் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வெளியே வந்து உங்கள் கடைசி வார்த்தையைச் சொன்னேன்: "என் மகளை நெருப்பு பாத்துக்கிட்டே இருக்கு. தள்ளி வையிங்க." அக்கா அலறினாள். மல்லிகா அதன்பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பக்கமே போகவில்லை. பயந்து ஓடியவள் எங்கே போய்ச் சேர்ந்தாள்? கடலைமிட்டாய்க் கம்பெனியில், பாகு கொதிக்கிற அடுப்புக்கு முன்னால்.

போன வாரம் சேலை முந்தியில் தீப் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்ததால் பிழைத்தாள். முழங்கைவரை புண். கட்டுப் பிரிக்கும்போது பார்த்தேன் அத்தான். அதிலிருந்து எனக்குத் தீக்குச்சி உரசக் கை வரவில்லை. பீடியை அடுத்தவனிடம் நீட்டிப் பற்றவைக்கிறேன்.

"அண்ணாச்சி, ஒங்க அத்தான் வாக்கு பலிச்சிட்டுல்லா" என்கிறார்கள் கடைத்தெருவில். முதலில் மீசையைத் தடவிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

நேற்று மல்லிகா வந்தாள்.

"அடுப்பு வேலை வேண்டாம் மாமா. திங்கக்கிழமையிலருந்து மில்லுக்குப் போறேன்."

"ஏட்டி, மில்லுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"பஞ்சு. பஞ்சு என்ன செய்யும்?"

"பஞ்சைத்தாம்ட்டி நெருப்பு முதல்ல தேடும்."

வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. புண்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அப்ப நான் எங்கதான் மாமா போவ? அப்பா சொன்ன சொல்லுக்கு எங்க போய் ஒளிய?"

அது உங்கள் ராஜா கேட்ட கேள்வி. அதே குரல்.

நாடகத்துக் குறிகாரன் உள்ளதைச் சொன்னான், அது நடந்தது. இல்லாததைச் சொல்லி, அதுவும் நடக்க ஆரம்பித்தால்? அது யார் விதி அத்தான்? சொன்னவன் திரும்ப எடுத்துக்கொண்டால் அது நிற்குமா? இதற்குக் கிரேக்கன் ஏதாவது நாடகம் எழுதி வைத்திருக்கிறானா? கேட்க நீங்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நினைவுநாள் கூட்டம். மல்லிகா முன்வரிசையில் இருப்பாள். மறுநாள் மில்லுக்குப் புறப்படும் முன்னால் அவள் காதில் விழவேண்டும் என்று இந்தக் கடிதத்தை நானே மேடையில் வாசிக்கப்போகிறேன். எழுதியதற்கு மேல் ஒரு வரி கூட்ட மாட்டேன். உங்கள்மேல் சத்தியம்.

நெருப்பைப் பற்றி நீங்கள் எதுவுமே சொல்லவில்லை. "மல்லிகா கெளம்பிட்டாளால? ஆபீஸ் பஸ்ஸ விட்டிருவாளே" என்றுதான் கேட்டீர்கள். ஒரு ராஜா போகும்போது சொல்கிற சொல்லாக அது எனக்குப் படவில்லை. மற்றதை நான் சேர்த்தேன்.

குறிகாரன் வேஷத்தைக் கழற்றிவிட்ட
உங்கள் மச்சினன்,
சுடலைமுத்து