சோளத்தட்டைப் புகை

தை மாதம், செவ்வாய் இரவு.

நோட்டே, சுகமா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடியலில், அறுவடை முடிந்து நின்ற மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்தினேன். காற்று எழுமுன் கொளுத்தினால் பக்கத்துப் புஞ்சைக்குத் தீ தாவாது. அப்பா அப்படித்தான் செய்வார்; அதே குச்சியில் பீடியும் பற்றவைப்பார். ஆனால் இன்று மூடுபனி. புகை மேலே போகாமல் பக்கத்து விமானத் திடலில் படுத்துக்கொண்டது. அந்தப் புகைக்குள் ஒரு பயிற்சி விமானம் இறங்கியது.

அதைத் தனியாக ஓட்டிவந்த பிள்ளை வேலியோரம் வந்தாள்.

“அண்ணாச்சி, புகைக்குள்ள நேராப் போற மாதிரியே இருந்துச்சு. மீட்டர்தான் விமானம் சாயுதுன்னு காட்டுச்சு. அத விட்டுட்டு என்னைய நம்பியிருந்தா செத்திருப்பேன். யாரு கொளுத்துனது?”

“தெரியலையேம்மா,” என்றேன். தீப்பெட்டி என் மடியில் இருந்தது.

நாளை அவளிடம் போய், கொளுத்தியது நான்தான் என்று—

“ஏங்க, தீப்பெட்டி எங்க? மிச்சத் தட்டைய விடியமுன்ன கொளுத்தணும்லா!”

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். விமானம் இறங்கிய கதை இவளுக்கு இன்னும் தெரியாது. முதலில் இவளிடம் நான்—